பொருள் தெரிகிறது, வாக்கியத்தில் போட்டால் இடிக்கிறது

#1
பிறை அம்மா, பட்டர்வொர்த்

வணக்கம். என் மகள் ஆறாம் படிவத்தில், அதாவது பல்கலைக்கழகத்துக்கு முந்திய வகுப்பில் இருக்கிறாள். தமிழ்ப்பள்ளியில் படித்து இடைநிலைப்பள்ளிக்குப் போனவள். அடுத்த ஆண்டு மூவெட், அதாவது பல்கலைக்கழகம் போவதற்கான ஆங்கிலத் தேர்வு எழுதப் போகிறாள். ஆங்கிலத்தின் மேல் அவளுக்குப் பயம் இல்லை, ஆசை நிறைய இருக்கிறது. அது வீணாகிவிடக் கூடாது என்பதுதான் என் கவலை.

ஒரு வருடமாக நாளுக்குப் பத்துச் சொல் என்று நோட்டில் எழுதி மனப்பாடம் செய்கிறாள். இடப்பக்கம் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் தமிழில் ஒரே சொல்லில் பொருள். மூன்று நோட்டு நிறைந்துவிட்டது. எந்தப் பக்கத்தைத் திறந்து கேட்டாலும் டக்கென்று சொல்லிவிடுவாள். அதே சொற்களைக் கட்டுரையில் போட்டால்தான் இடிக்கிறது.

போன வாரம் குடும்பத்தில் ஒருவரைப் பற்றி எழுதச் சொல்லியிருக்கிறார்கள். இவள் பாட்டியை, அதாவது என் மாமியாரைப் பற்றி எழுதினாள். பாட்டி மீன் கறிக்கு 'நொட்டோரியஸ்' என்று ஒரு வரி. நோட்டில் பார்த்தேன், நொட்டோரியஸ் என்றால் பேர்போன என்று இருக்கிறது. ஆசிரியர் அந்தச் சொல்லைச் சிவப்பு மையில் வட்டமிட்டு, பக்கத்தில் கேள்விக்குறி போட்டிருந்தார். அதே கட்டுரையில் தீபாவளி நெருங்கியதும் வீட்டில் மகிழ்ச்சி 'செட் இன்' ஆனது என்று எழுதியிருந்தாள். அதற்கும் வட்டம். நோட்டில் செட் இன் என்றால் தொடங்கு.

"நான் படித்ததைத்தானே எழுதினேன், எங்கே தப்பு?" என்று கேட்கிறாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நான் ஐந்தாம் படிவத்தோடு நின்றவள். எந்த அகராதி வாங்கலாம், எப்படிப் படிக்க வேண்டும், தமிழில் பொருள் எழுதுவதே தப்பா என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2
ஜூரு சாலை

அக்கா, போனில் சொல் படிக்கும் செயலி ஒன்றைப் போட்டுக்கொடுங்கள். நாளுக்கு 20 சொல் வரும், கேள்வி கேட்கும், மார்க் போடும். வருடத்துக்கு 7,300 சொல் ஆகிவிடும்.

#3
பிறை அம்மா, பட்டர்வொர்த்

நன்றி தம்பி. ஆனால் நோட்டில் செய்ததையே போனில் செய்வதுபோல் இருக்கிறதே. அவளுக்குச் சொல் மறக்கவில்லை. போடத்தான் தெரியவில்லை.

#4
ஓய்வு டீச்சர், ஜார்ஜ்டவுன்

அம்மா, கடைசியாக எழுதினீர்களே, "மறக்கவில்லை, போடத்தான் தெரியவில்லை" என்று, சிக்கல் முழுவதும் அதில் இருக்கிறது. 32 வருடம் ஆங்கிலம் கற்பித்தவள் நான். உங்கள் மகளைப் போல எத்தனையோ பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். சோம்பேறிகளுக்கு இந்தத் தப்பு வராது. உழைக்கிற பிள்ளைக்குத்தான் வரும். அதை முதலில் அவளிடம் சொல்லுங்கள்.

நொட்டோரியஸ் விஷயத்துக்கு வருகிறேன். தமிழில் 'பேர்போன' என்பது இரண்டு பக்கமும் போகும். பேர்போன வைத்தியர் என்கிறோம், பேர்போன திருடன் என்றும் சொல்கிறோம். ஆங்கிலச் சொல் ஒரு பக்கம்தான் போகும். கெட்டதற்குப் பேர்போனவர்களுக்கு மட்டும்தான் அது. மோசடிக்காரன், விபத்து நடக்கும் முச்சந்தி, வெள்ளம் ஏறும் சாலை, இவற்றோடு சேரும். பாட்டியோடு சேராது. பாட்டிக்கு 'ஃபேமஸ்' போதும், கொஞ்சம் மிடுக்காக வேண்டுமென்றால் 'ரினௌண்ட்'.

இதை ஒற்றைச் சொல் பொருள் எப்படிச் சொல்லும்? சொல்லவே சொல்லாது. அந்தச் சொல் வரும் நான்கு வாக்கியத்தைப் பார்த்தால் பிள்ளை தானே கண்டுபிடித்துவிடுவாள். நான்கிலும் கெட்ட சங்கதிதான் இருக்கும்.

செட் இன் இன்னும் சுவாரசியமானது. பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ஜான் சின்க்ளேர் என்ற பேராசிரியர் இருந்தார். புத்தகம், செய்தித்தாள், பேச்சு என்று கோடிக்கணக்கில் சொற்களைக் கணினியில் ஏற்றி, ஒவ்வொரு சொல்லும் எதோடு சேர்ந்து வருகிறது என்று பார்த்தார். 'செட் இன்' என்ற வினையோடு சேர்ந்து வருபவை பெரும்பாலும் விரும்பத்தகாதவை என்று எடுத்துக்காட்டினார். அழுகல், குளிர், நோய்த்தொற்று, விரக்தி, இப்படி. மகிழ்ச்சி அந்தப் பட்டியலில் வந்து உட்காராது. இதை அதுவரை எந்த அகராதியும் சொல்லவில்லை. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுகிறவர்களுக்கே கேட்டால் சொல்லத் தெரியாது, ஆனால் தப்பாகப் போட மாட்டார்கள். அந்த உழைப்பிலிருந்து 1987இல் வந்ததுதான் கோபில்ட் அகராதி. அதில் உதாரண வாக்கியங்கள் எல்லாம் உண்மையில் யாரோ எழுதியவை, பேசியவை. பொருளையும் முழு வாக்கியமாகவே சொல்லியிருப்பார்கள். "ஒருவர் நொட்டோரியஸ் என்றால், அவர் ஏதோ ஒரு கெட்ட விஷயத்துக்காகப் பலருக்குத் தெரிந்தவர்" என்ற பாணியில்.

எந்த அகராதி என்று கேட்டீர்கள். மாணவர்களுக்கென்று செய்த ஏதாவது ஒன்று. ஹார்ன்பி என்பவர் ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்தபோது அங்குள்ள மாணவர்களுக்காகத் தொகுத்த அகராதி 1942இல் தோக்கியோவில் வந்தது. 1948இல் ஆக்ஸ்ஃபர்ட் அதை எடுத்து வெளியிட்டது. இன்று கடையில் கிடைக்கும் ஆக்ஸ்ஃபர்ட் மாணவர் அகராதி அதன் வழிவந்ததுதான். நம்மைப் போல வேறு மொழியில் வளர்ந்து ஆங்கிலத்துக்கு வருகிறவர்களை நினைத்தே செய்தது. 1978இல் வந்த லாங்மன் அகராதியில் எல்லாச் சொற்களுக்கும் சுமார் 2,000 எளிய சொற்களைக் கொண்டே விளக்கம் எழுதினார்கள். அந்த 2,000 தெரிந்த பிள்ளைக்கு அகராதி முழுவதும் திறந்துகொள்ளும். இந்த மூன்றில் எது கிடைத்தாலும் சரி. எல்லாவற்றுக்கும் இணையத்தில் இலவசப் பக்கங்களும் இருக்கின்றன.

இனி நோட்டு. நோட்டை மூடிவிட்டுச் சீட்டுக்கு மாறச் சொல்லுங்கள். பழைய நாள்காட்டித் தாளை நான்காக வெட்டினால் போதும். முன்பக்கம் ஒரு முழு வாக்கியம். அவள் படித்ததில் கண்ணில் பட்ட வாக்கியமாக இருக்க வேண்டும், சொல் வரும் இடத்தில் கோடு. பின்பக்கம் அந்தச் சொல், எளிய ஆங்கிலத்தில் விளக்கம், எங்கே பார்த்தாள், அது எந்த ஆண்டு அச்சானது. நாளுக்குப் பத்து வேண்டாம், மூன்று போதும்.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. ஆக்ஸ்ஃபர்டின் பேரகராதியே சீட்டில் பிறந்ததுதான். 1879இல் ஜேம்ஸ் மர்ரி அதற்கு ஆசிரியரானதும், ஆங்கிலம் படிக்கும் பொதுமக்கள் எல்லாருக்கும் வேண்டுகோள் விட்டார். நீங்கள் படிக்கும் புத்தகத்தில் கவனிக்கத்தக்க சொல் வந்தால், அந்த வாக்கியத்தை ஒரு சீட்டில் எழுதி, புத்தகம், ஆண்டு, பக்கம் போட்டு அனுப்புங்கள் என்றார். லட்சக்கணக்கில் சீட்டுகள் வந்து குவிந்தன. 1915இல் மர்ரி இறந்தார், வேலை முடியவில்லை. 1928இல் முடிந்தபோது நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள், 18 லட்சத்துக்கும் மேற்பட்ட மேற்கோள்கள். ஒரே ஒரு சொல்லின் சீட்டுகள் மட்டும் தொலைந்துபோனதால் அந்தச் சொல் முதல் பதிப்பில் இடம்பெறாமலே போனது. 'பாண்ட்மெய்ட்', அடிமைப்பெண் என்று பொருள். சீட்டு இல்லையென்றால் சொல்லும் இல்லை. இந்தக் கதையை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் எனக்கே மனம் கனத்துவிடும்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்வேன். தமிழ்ப் பொருள் வேண்டாம். ஆங்கிலத்தை ஆங்கிலத்தாலேயே பிடிக்க வேண்டும்.

#5
பெட்டிக்குள் ஐந்து, சுங்கை பாக்காப்

டீச்சர் சொன்ன சீட்டு முறையில்தான் நான் படிக்கிறேன், நானும் ஆறாம் படிவம்தான். ஒரு காலணிப் பெட்டியில் அட்டை வைத்து ஐந்து அறை செய்திருக்கிறேன். புதுச் சீட்டு முதல் அறையில். சரியாகச் சொன்னால் அடுத்த அறைக்குப் போகும், தப்பென்றால் மறுபடி முதல் அறை. முதல் அறையைத் தினமும் பார்ப்பேன், ஐந்தாவதை மாதம் ஒரு முறை. செபாஸ்டியன் லைட்னர் என்பவர் 1972இல் எழுதிய முறை இது. வாக்கியங்களை ஆங்கிலச் செய்தித்தாளில் பிடிப்பேன். விளையாட்டுப் பக்கம்தான் முதலில், அங்கே வினைச்சொற்கள் அருமையாக இருக்கும்.

#6
பத்திர எழுத்து, கோலாலம்பூர்

டீச்சருக்கு வணக்கம். லெபோ அம்பாங் பக்கம் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் 19 வருடமாக வேலை செய்கிறேன். சொல்லை வாக்கியத்தோடு படிக்க வேண்டும் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் எங்கிருந்து எடுத்த வாக்கியம் என்பதை இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டும்.

வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் ஒரு பெரியவர் வாடகை ஒப்பந்தத்தைக் கொண்டுவந்து, "இதில் என்ன எழுதியிருக்கிறது, தமிழில் சொல்லம்மா" என்றார். அதில் 'டிமைஸ்ட் பிரமிசஸ்' என்று வரிக்கு வரி வந்தது. டிமைஸ் என்றால் மரணம் என்று எனக்கு நன்றாகத் தெரியும். பள்ளியில் உதாரண வாக்கியத்தோடு படித்திருந்தேன், ஒரு அரசர் இறந்ததைப் பற்றி. நான் அவரிடம், "ஐயா, இது இறந்தவருடைய வீடு என்று போட்டிருக்கிறது" என்று சொல்லிவிட்டேன். அவர் முகம் மாறிவிட்டது. சாவு விழுந்த வீட்டையா எனக்குக் கொடுக்கிறார்கள் என்று எழுந்து நின்றுவிட்டார். மூத்த எழுத்தர் ஓடி வந்து, குத்தகைக்கு விடப்பட்ட இடம் என்றுதான் அதற்குப் பொருள் என்று விளக்கி உட்காரவைத்தார். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

பிறகு தேடிப் படித்தேன். அந்தச் சொல்லுக்கு முதலில் இருந்த பொருளே சொத்தைக் கைமாற்றுவதுதான். அரசர் இறந்தால் மகுடமும் நாடும் கைமாறுகின்றன, அதனால் மெல்ல மரணத்தையே குறிக்க ஆரம்பித்தது. சட்ட மொழியில் பழைய பொருள் அப்படியே தங்கிவிட்டது. 'சேங்ஷன்' அதைவிடப் பொல்லாதது. அனுமதி என்றும் வரும், தடை என்றும் வரும். நேர் எதிர். பக்கத்துச் சொற்களைப் பார்க்காமல் அதைத் தொடவே முடியாது.

பழைய மேற்கோள்களில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. 'எக்ரீஜியஸ்' என்ற சொல்லுக்கு வேர் லத்தீனில் மந்தையிலிருந்து விலகியது என்பது. ஒரு காலத்தில் தனிச்சிறப்பான என்று புகழ்ச்சியாக எழுதினார்கள். இன்று படுமோசமான என்பதுதான் பொருள். 400 வருடத்துக்கு முந்திய வாக்கியத்தைச் சீட்டில் எழுதிக்கொண்டு வேலைக்கு விண்ணப்பக் கடிதம் எழுதினால் என்ன ஆகும்? அதனால் அந்தப் பெண் பிள்ளைக்கு என் ஆலோசனை, கடந்த சில வருடங்களில் அச்சான வாக்கியங்களை மட்டும் எடுக்கட்டும். கவிதை, நாடகம் எல்லாம் தேர்வுக்குப் பிறகு.

#7
ஓய்வு டீச்சர், ஜார்ஜ்டவுன்

ஆண்டு போட வேண்டும் என்று நான் சொன்னதன் காரணமே இதுதான். ஆனால் கவிதையை ஒதுக்கச் சொல்வதை ஏற்க மாட்டேன். டாக்டர் ஜான்சன் 1755இல் வெளியிட்ட அகராதியில் சுமார் 114,000 மேற்கோள்கள். பெரும் பகுதி புலவர்களிடமிருந்தும் அறிஞர்களிடமிருந்தும் எடுத்தவை. சொல் தேடி வந்தவர்கள் மொழியின் மேல் காதல் கொண்டு திரும்பிப் போனார்கள். செய்தித்தாள் வாக்கியம் தப்பில்லாமல் எழுத உதவும். மனதில் ஒட்டிக்கொள்வது அழகான வாக்கியம்தான்.

#8
உரைநூல் பிரியன், கோலாலம்பூர்

பிரிக்பீல்ட்ஸிலிருந்து எழுதுகிறேன். டீச்சர் "தமிழ்ப் பொருள் வேண்டாம்" என்று சொன்னது மனதைக் குத்தியது. வயதில் மூத்தவர், மரியாதையோடுதான் மறுக்கிறேன்.

முதலில், சொல்லுக்கு மேற்கோள் காட்டிப் பொருள் சொல்வது நமக்குப் புதிதே இல்லை. தொல்காப்பியம் உரியியலில் "உறு தவ நனி என வரூஉம் மூன்றும் மிகுதி செய்யும் பொருள" என்று நூற்பா இருக்கிறது. மூன்று சொல், ஒரே பொருள், மிகுதி. மகளின் நோட்டு மாதிரிதான். உரையாசிரியர்கள் அதோடு விடவில்லை. ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு பாட்டு வரியைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார்கள். "ஈயாது வீயும் உயிர் தவப் பலவே" என்பது அதியமான் இறந்தபோது அவ்வையார் பாடிய புறநானூற்றுப் பாட்டின் கடைசி வரி. பிறருக்கு ஒன்றும் கொடுக்காமலே செத்துப்போகும் உயிர்கள் மிகப் பல என்று பொருள். 'தவ' என்றால் மிகுதி என்று சொன்னால் நாளைக்கு மறந்துபோகும். இந்த வரியைக் கேட்டவனுக்கு மறக்குமா?

நிகண்டுகள் செய்யுளில் சொற்களை அடுக்கிக் கொடுத்தன, மனப்பாடத்துக்கு. வீரமாமுனிவர் 1732இல் சதுரகராதி செய்து, அகர வரிசையில் தேடும் வழியைத் தந்தார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தபோது, இலக்கிய மேற்கோளைப் பொருளுக்குப் பக்கத்திலேயே போட்டது. 1992இல் வந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி, இன்றைய எழுத்துத் தமிழுக்கு உதாரண வாக்கியம் கொடுத்தது. இப்படி ஒரு வழி நம்மிடம் இருக்கும்போது தமிழை ஏன் ஒதுக்க வேண்டும்?

தப்பு தமிழில் எழுதியதில் இல்லை. ஒற்றைச் சொல்லில் எழுதியதில்தான் இருக்கிறது. 'பேர்போன' என்று எழுதாமல், 'கெட்ட பெயர் எடுத்த' என்று எழுதியிருந்தால் பாட்டி தப்பித்திருப்பார். கோபத்தை எடுத்துக்கொள்வோம். நமக்கு எரிச்சல், கடுப்பு, சினம், ஆத்திரம், சீற்றம் என்று எத்தனை இருக்கின்றன. ஆங்கிலத்தில் 'அனாய்ட்', 'இரிட்டேட்டட்', 'ஃபியூரியஸ்' என்று அதேபோல் ஒரு படிக்கட்டு. எல்லாவற்றுக்கும் வலப்பக்கம் 'கோபம்' என்றே எழுதும் பிள்ளை படிக்கட்டைச் சமதளமாக்கிவிடுகிறாள். 'இண்டிக்னன்ட்' என்ற சொல்லை ஆங்கிலத்திலேயே விளக்கினால் இரண்டு வரி ஆகும். தமிழில் அறச்சீற்றம் என்று சொல்லிப் பாருங்கள், அநியாயத்தைக் கண்டு எழும் கோபம் என்று உடனே உறைக்கும். நல்ல தமிழ் தெரிந்த பிள்ளை ஆங்கிலத்தின் நுணுக்கத்தை இன்னும் வேகமாகப் பிடிப்பாள் என்று நான் முழு மனதாக நம்புகிறேன்.

#9
ஓய்வு டீச்சர், ஜார்ஜ்டவுன்

தம்பி, இரண்டு நாளாக இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். என் காலத்தில் வகுப்பில் தமிழில் ஒரு வார்த்தை பேசினால் அபராதம். அந்தப் பழக்கத்தில் வளர்ந்தவள் நான், பிறகு அதையே விதியாக்கிக்கொண்டேன். அறச்சீற்றம் என்ற ஒரு சொல்லால் என்னை யோசிக்கவைத்துவிட்டீர்கள்.

சரி, மாற்றிச் சொல்கிறேன். பின்பக்கம் ஆங்கில விளக்கம் இருக்கட்டும், அதன் கீழே தமிழில் ஒரு வாக்கியமோ ஒரு தொடரோ எழுதட்டும். ஒற்றைச் சொல் மட்டும் வேண்டாம், அறச்சீற்றம் மாதிரி அச்சாகப் பொருந்தினால் தவிர. சேர்க்கை ஒத்துப்போகிறதா என்றும் பார்க்கட்டும். பலத்த மழை, பலத்த காற்று என்று தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல் போடலாம். ஆங்கிலத்தில் மழைக்கு 'ஹெவி', காற்றுக்கு 'ஸ்ட்ராங்'. மாற்றிப் போட்டால் காதில் உறுத்தும். இந்த இடங்களைத்தான் சீட்டில் அடிக்கோடிட வேண்டும்.

#10
ஜூரு சாலை

எனக்கு ஒரு சந்தேகம். நாளுக்கு மூன்று என்றால் வருடத்துக்கு ஆயிரம்தானே? போதுமா?

#11
பந்தாய் டாலாம், கோலாலம்பூர்

நல்ல கேள்வி. சொல் கற்பதைப் பற்றி நிறைய ஆராய்ந்தவர் நியூசிலாந்தின் பால் நேஷன். 2006இல் அவர் போட்ட கணக்குப்படி, நாவலையும் செய்தித்தாளையும் யார் துணையும் இல்லாமல் படிக்க 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள் தேவை. குடும்பம் என்றால் ஒரு சொல்லும் அதன் கிளைகளும் சேர்ந்தது. அவ்வளவையும் சீட்டில் எழுத முடியாது, பெரும்பகுதி படித்துப் படித்துத்தான் வந்து சேரும். பல்கலைக்கழகம் போகிற பிள்ளைக்குச் சுருக்கமான வழி ஒன்று உண்டு. ஏவரில் காக்ஸ்ஹெட் 2000இல் வெளியிட்ட கல்விச் சொற்பட்டியல், 570 குடும்பங்கள்தான். பாடநூல் மொழியில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு இந்தச் சொற்கள். நாளுக்கு மூன்று வீதம் ஆறேழு மாதத்தில் முடிந்துவிடும்.

#12
பெட்டிக்குள் ஐந்து, சுங்கை பாக்காப்

நம் ஊர் ஆங்கிலத்தைப் பற்றியும் ஒன்று கேட்கிறேன். என் சீட்டில் 'அவுட்ஸ்டேஷன்' என்று எழுதியிருந்தேன், வெளியூர் போனால் எல்லாரும் அப்படித்தானே சொல்கிறோம். மாணவர் அகராதியில் தேடினால் ஒதுக்குப்புறமான ஓர் இடம் என்று இருக்கிறது. காரைக் 'கோஸ்தான்' பண்ணு என்கிறோமே, அது கப்பலில் பின்னால் செலுத்தச் சொல்லும் 'கோ அஸ்டர்ன்' என்ற கட்டளை என்று இப்போதுதான் தெரிந்தது. இவற்றையெல்லாம் தப்பு என்று தூக்கிப் போடுவதா?

#13
பத்திர எழுத்து, கோலாலம்பூர்

தூக்கிப் போடாதே தம்பி. தனிக் கட்டாக வைத்துக்கொள். தேர்வுக்கும் அலுவலகக் கடிதத்துக்கும் ஒரு கட்டு, நம் ஊர்ப் பேச்சுக்கு ஒரு கட்டு. ஆக்ஸ்ஃபர்ட் பேரகராதியே 2025 மார்ச்சில் அலாமாக், தாப்பாவ், நாசி லெமாக் என்று நம் ஊர்ச் சொற்களைச் சேர்த்துக்கொண்டது. அதற்கும் மேற்கோள் காட்டித்தான் சேர்த்தார்கள்.

#14
கிராணி மகன், சுங்கை பட்டாணி

பிள்ளைகளே, பெரியவர்களே, இந்த இழையை மூன்று முறை படித்தேன். என் கதையையும் சொல்லத் தோன்றுகிறது.

தோட்டத்தில் பிறந்தவன். தமிழ்ப்பள்ளி முடித்து டவுன் பள்ளியில், இடைநிலைப்பள்ளிக்குத் தயாராக்கும் புகுமுக வகுப்பில் ஒரு வருடம் உட்கார்ந்தவன். வீட்டில் அகராதி கிடையாது. அப்பா அலுவலகத்திலிருந்து கொண்டுவரும் பழைய ஆங்கிலச் செய்தித்தாளும், உர மூட்டையில் அச்சடித்திருக்கும் எழுத்துகளும்தான் எனக்குப் பாடம்.

பட்டர்வொர்த்தில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், சம்பளம் வாங்கிய ஞாயிற்றுக்கிழமை ஃபெரி ஏறி பினாங்கு போனேன். சௌரஸ்தா சந்தை மாடியில் பழைய புத்தகக் கடைகள். (சௌரஸ்தா என்றால் உருதுவில் நாற்சந்தி. அதையும் பிறகு அகராதியில்தான் பார்த்தேன்.) மூன்று வெள்ளிக்கு ஒரு மாணவர் அகராதி கிடைத்தது. அட்டை போயிருந்தது, முதல் பக்கமும் இல்லை. வீட்டில் வந்து பிரித்தால், ஓரங்களில் எல்லாம் பென்சிலில் பொடிப் பொடியாக எழுத்து. எனக்கு முன்னால் வைத்திருந்தவர், தான் தேடிய ஒவ்வொரு சொல்லுக்கும் தன் வாழ்க்கையிலிருந்து ஒரு வாக்கியம் எழுதியிருக்கிறார். 'பெர்சிவியர்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில், தம்பி மூன்றாவது முறை எழுதித் தேறினான் என்று. 'ரிலக்டன்ட்' என்பதற்கு, அம்மா வளையலைக் கழற்றித் தரும்போது தயங்கினார் என்று. 'கான்வலெஸ்' என்பதற்கு, அப்பா பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து வந்து திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார் என்று. பெயர் எங்கும் இல்லை. எந்த இனம், ஆணா பெண்ணா, ஒன்றும் தெரியாது. ஆனால் அந்தக் குடும்பத்தை எனக்குத் தெரியும்.

அகராதி அச்சிட்ட உதாரணத்தைவிட அந்தப் பென்சில் வாக்கியங்களில்தான் நான் ஆங்கிலம் படித்தேன். அதனால் சீட்டில் மூன்றாவதாக ஒன்றைச் சேர்க்கச் சொல்வேன். படித்த வாக்கியம், விளக்கம், அப்புறம் தன் வீட்டிலிருந்து ஒரு வாக்கியம்.

ஓய்வு பெற்ற பிறகு ஹாப்சன் ஜாப்சன் என்ற அகராதியைப் புரட்டினேன். ஹென்றி யூலும், தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்த பர்னெலும் தொகுத்து 1886இல் வந்தது. ஆசியாவிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொற்கள் ஆண்டு போட்ட மேற்கோள்களோடு இருக்கும். அதில் நம் கட்டுமரம் இருக்கிறது, சுருட்டு இருக்கிறது, மிளகுத்தண்ணி இருக்கிறது. பினாங்கு துறைமுகத்தில் நாம் 'குடோன்' என்கிறோமே, அது தெலுங்கு, தமிழ்க் கரையின் கிடங்கு, மலாயில் கூடாங் ஆகி, ஆங்கிலத்தில் 'கோடவுன்' ஆகி, குடோனாகத் திரும்பி வந்த சொல். ஆங்கிலம் அந்நியம் என்று மிரளும் பிள்ளைக்கு இந்த ஒரு பக்கத்தைக் காட்டினால் போதும், நம் சொந்தக்காரர்கள் அங்கே ஏற்கெனவே குடியிருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும்.

#15
உரைநூல் பிரியன், கோலாலம்பூர்

ஐயா, அந்த அகராதி இன்னும் உங்களிடம் இருக்கிறதா?

#16
கிராணி மகன், சுங்கை பட்டாணி

இருக்கிறது. பேத்தி இப்போது அதே பக்கங்களின் மறு ஓரத்தில் எழுதுகிறாள்.

#17
பிறை அம்மா, பட்டர்வொர்த்

எல்லாருக்கும் நன்றி. ஆறு வாரம் கழித்து எழுதுகிறேன். சும்மா நன்றி சொல்லிவிட்டுப் போகாமல், செய்து பார்த்துவிட்டு எழுத வேண்டும் என்று இருந்தேன்.

120 சீட்டு சேர்ந்திருக்கிறது. முதல் வாரம் அவளுக்குப் பிடிக்கவில்லை. ஒரு நாளைக்கு மூன்றுதானா, பின்தங்கிவிடுவேன் என்று அழுதாள். இரண்டாவது வாரம், சாலை விபத்துச் செய்தி ஒன்றைப் படித்துக்கொண்டிருந்தவள், "அம்மா, இங்கே வந்திருக்கிறது!" என்று கத்தினாள். நொட்டோரியஸ். விபத்துக்குப் பேர்போன வளைவு என்று. டீச்சர் சொன்னபடியே கெட்டதோடுதான் வந்திருந்தது. அதன் பிறகு அவளை நிறுத்த முடியவில்லை. பேருந்தில் போகும்போதும் பலகைகளைப் படிக்கிறாள்.

கிராணி மகன் ஐயா சொன்ன மூன்றாவது வாக்கியத்தையும் எழுதுகிறாள். 'ரினௌண்ட்' சீட்டில் பாட்டியின் மீன் கறி இருக்கிறது. 'ரிலக்டன்ட்' சீட்டில், அம்மா இரவு ஷிப்ட் வேலையை விட்டுவிடத் தயங்குகிறார் என்று எழுதியிருந்தாள். அவளிடம் நான் அதைச் சொன்னதே இல்லை. படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன்.

ஒரு சந்தேகம். 'ஃப்ரூகல்', 'ஸ்டிஞ்சி' இரண்டுக்கும் சிக்கனம் என்றே எழுதியிருக்கிறாள். சரிதானா?

#18
ஓய்வு டீச்சர், ஜார்ஜ்டவுன்

இல்லையம்மா. முதலாவது சிக்கனம், பாராட்டு. இரண்டாவது கஞ்சத்தனம், வசவு. செலவைக் குறைத்து மகளைப் படிக்கவைக்கும் தாய்க்கு எது பொருந்தும் என்று அவளையே கேளுங்கள், சீட்டில் அந்த வாக்கியத்தையே எழுதட்டும். சனிக்கிழமை காலையில் நான் சௌரஸ்தா மாடியில் இருப்பேன், அவளுக்கு ஒரு பழைய அகராதி பார்த்து வைக்கிறேன். ஓரம் அகலமாக இருப்பதாகப் பார்த்து.